பதின்மூன்றரை மணி நேரக் கணக்கு

பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று புதுச்சேரியில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் சென்று, அதே வழியில் திரும்பி வரும் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாள்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாமலே இருந்து, நாற்பது வயதைத் தாண்டிய பின் மறுபடியும் ஏறியவள் நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்பதால், பழகுவதற்கு வாய்த்த சாலைகளெல்லாம் இந்தப் பக்கத்துச் சாலைகள்தாம். முதல் நெடும்பயணத்துக்கு ஆயத்தமாவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவையாக இருக்கின்றன. நம் வெயிலுக்கும் நம் காற்றுக்கும் நம் சாலைக்கும் பொருந்துவன எவை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பெயர் கொடுத்திருப்பது பந்தயம் அன்று. ‘பிரெவே’ என்று அழைக்கப்படும் இந்தப் பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் என்பதே கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், உதவி வண்டி எதுவும் பின்தொடராமல் முடிக்க வேண்டும் என்பதே முக்கிய விதி. பாரிஸ் நகரத்து ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த இவ்விதிகளின்படி இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரான்டொனர்ஸ் என்ற அமைப்பு பயணங்களை நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று வரம்பு உண்டு. இந்த நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவர்களுக்குத்தான், 1891இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில், அதாவது 90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர் என்ற அந்தப் பெரிய காரியத்தில், கலந்துகொள்ளும் தகுதி கிடைக்கும். அதெல்லாம் எனக்குத் தொலைதூரம். முதலில் மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும்.

பதின்மூன்றரை மணி என்பதைப் பார்த்தவுடன் தாராளமாகத் தோன்றும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் பத்து மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் முடிந்துவிடும். மூன்றரை மணி நேரம் கையில் மிஞ்சும். வேகம் 18 ஆகக் குறைந்தால் மிச்சம் இரண்டே கால் மணிக்குச் சற்று மேல் என்று சுருங்குகிறது. 16க்கு இறங்கினால் ஒரு மணி நேரம்தான். அந்த மிச்ச நேரத்துக்குள் தேநீர், சாப்பாடு, கழிப்பறை, பஞ்சர், வழியில் குறித்த இடங்களில் வந்துபோனதற்கு அடையாளமாக முத்திரை வாங்குவது, முதுகை நிமிர்த்திக்கொள்வது எல்லாம் அடங்க வேண்டும். பயிற்சி தொடங்கியபோது எல்லோரையும் போல நானும் வேகத்தைக் கூட்டுவதுதான் வேலை என்று நினைத்தேன்; இப்போது என் கவனமெல்லாம் சக்கரம் சுழலாத நேரத்தின் மேலேயே இருக்கிறது. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஒரு தேநீர்க் கடையில் இருபது நிமிடம் உட்காருவதைப் பத்து நிமிடமாக்க எந்த உழைப்பும் வேண்டாம், எழுந்தால் போதும்.

என் தந்தை பல ஆண்டுகள் கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவர். கியர் கிடையாது, கறுப்பு நிறத்துக் கனத்த சைக்கிள், பின்னால் சாப்பாட்டுத் தூக்கு. வெயிலானாலும் மழையானாலும் அவர் மிதிக்கும் வேகம் மாறாது. யாராவது முந்திச் சென்றால் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நெடும்பயணத்துக்கான நூல்களில் ‘சீரான உழைப்பு’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பது இதைத்தான்.

முதலில் சைக்கிளை உடம்புக்குப் பொருத்துவது. நான் வைத்திருப்பது 32 மில்லிமீட்டர் டயர் போட்ட, நேரான ஹேண்டில்பார் உள்ள கியர் சைக்கிள். பந்தய சைக்கிள் அளவுக்கு வேகம் இல்லை என்றாலும் நம் சாலையின் ஓரத்து மணலுக்கும் பள்ளத்துக்கும் இதுவே உசிதம். ஊரில் எந்தக் கடையில் சைக்கிள் வாங்கினாலும் சீட்டைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைத்துக் கொடுப்பார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது சரி. நெடுந்தூரம் ஓட்டினால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அதிகமாக மடங்கி, முட்டியின் முன்பக்கம் வலி கண்டுவிடும். சரியான உயரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் முழுதும் நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டுப் பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், அதே இடத்தில் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இரு பக்கமும் ஆடாமல் இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்தவர். சீட்டை உயர்த்தச் சொன்னபோது ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ ஏத்துனா கால் தரையில படாதும்மா. சிக்னல்ல எப்படி நிப்ப?”

“சீட்ட விட்டு முன்னால எறங்கி நின்னுக்குறேன் அண்ணே.”

“எறங்கி நிக்கறதுக்கா சீட்டு?” என்றார், ஆனாலும் உயர்த்திக் கொடுத்தார். அத்தோடு நிற்காமல் இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்து, தளர்ந்திருந்த கம்பிகளை விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு முறுக்கியும் தந்தார். அந்தக் காதுக்கு ஈடான கருவியை நான் எந்தப் பெரிய கடையிலும் பார்க்கவில்லை.

உட்காரும் இடத்தைப் பற்றிப் பெண்கள் வெளிப்படையாக எழுதுவது குறைவு என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் அரைக்கால் சட்டையை, அதனுள்ளே வேறு உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும். உள்ளாடையின் தையல் வியர்வையில் நனைந்து உராய்ந்தால் 60 கிலோமீட்டருக்குள் தோல் கன்றிவிடும். உராயும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளலாம். மேலே தொளதொளப்பான மெல்லிய பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டால் ஊருக்குள் எந்தச் சங்கடமும் இல்லை; அதன் வலது கால் செயினில் சிக்காமல் இருக்க ஒரு பட்டி கட்டிக்கொள்ள வேண்டும். சீட் மெத்தென்று இருந்தால் சுகம் என்பது முதல் பத்து கிலோமீட்டருக்கு மட்டுமே உண்மை. அதிகம் அமுங்கும் சீட், இடுப்பெலும்பைத் தாங்குவதை விட்டு நடுவில் உள்ள மென்மையான பகுதியை அழுத்தத் தொடங்கிவிடும். கை விஷயமும் இப்படித்தான். ஹேண்டில்பாரில் உடம்பின் பாரத்தைப் போட்டுக்கொண்டே போனால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்து நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வைக்கும் இடத்தை மாற்றுவதும் முழங்கையைச் சற்று மடக்கி வைப்பதும் பழக்கத்தில் வர வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மலை ஏறும் தொல்லை இல்லை. கேப்பர் மலை என்று பெயர் பெற்ற செம்மண் மேட்டில் திருவந்திபுரம் பக்கம் ஏறுவதும், பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலிப் பக்கம் சாலை மெல்ல உயர்வதும்தான் எங்களுக்கு வாய்த்த ஏற்றங்கள். மலை செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. ஏற்றமாவது ஓரிடத்தில் முடியும். எதிர்க்காற்று மணிக்கணக்கில் முடியாது. ஐப்பசி முதல் தை வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். மாசி, பங்குனியில் விடியற்காலை அநேகமாக அசைவே இருக்காது. நிலம் சூடேறி, கடல் அந்த அளவுக்குச் சூடேறாமல் இருப்பதால், முற்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்து பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வீசும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது சைக்கிள் எம்மாத்திரம்.

காற்று எவ்வளவு பறித்துக்கொள்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தபோதுதான் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. காற்றின் எதிர்ப்பு, அதற்கும் நமக்கும் உள்ள வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறோம் என்றால் முகத்தில் படுவது 20 கிலோமீட்டர்க் காற்று. எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் முகத்தில் படுவது 35. எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அந்த நேரத்திலும் 20ஐ விடக் கூடாது என்று மிதிப்பவர் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோவார். எதிர்க்காற்றில் வேகம் காட்டும் கருவியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, பேச முடிகிறதா என்பதை அளவாக வைத்துக்கொள்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் உழைப்பு சரியான அளவில் இருக்கிறது. முடியாவிட்டால் கியரைக் குறைத்து, மிதிப்பதை இலேசாக்கி, நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குப் பக்கத்தில் கால்களைச் சுழல விடுவது. கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதித்தால் முதலில் போவது முழங்கால்.

இதனால் மாமல்லபுரப் பயணத்தில் போகும் வழியைவிடத் திரும்பும் வழிதான் எனக்குக் கவலை. காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது காற்று சும்மா இருக்கும். பிற்பகலில் தெற்கு நோக்கித் திரும்பும்போது இடப்பக்கத்து முன்மூலையிலிருந்து கடற்காற்று வரும், அதே வேளையில் வெயிலும் உச்சியில் இருக்கும். பாலாற்றுப் பாலத்திலும் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியிலும் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. போகும்போது மணிக்கு 20, திரும்பும்போது 17 என்று இரண்டு வேகங்களை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த வெயிலையும் காற்றையும் பழகிக்கொள்ள எனக்கு வாய்த்த நல்ல பாதை, கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகச் சுற்றி வருவது. 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சுற்றுப்பாதை என்பதால் நான்கு திசைக் காற்றும் ஒரே நாளில் கிடைத்துவிடும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த ஊர்கள் இவை. அதற்குப் பிறகு வைத்த மரங்கள் இப்போதுதான் நிழல் தரத் தொடங்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சுற்று, வார நாள்களில் விடியற்காலையில் ரெட்டிச்சாவடி வரையோ தவளக்குப்பம் வரையோ ஒரு சிறு ஓட்டம் என்று பழகிவருகிறேன். தூரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பதும், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டும் என்பதும் அனுபவசாலிகள் அனைவரும் சொல்வது. 200 ஓட்டுவதற்கு முன் 200 ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 120, 130 வரை அசதியின்றி ஓட்டி, மறுநாள் வேலைக்கும் போக முடிந்தால் போதுமானது.

சாப்பாடு பெரிய விஷயம். மிதிக்கும்போது உடம்பு எரிப்பது இரண்டு வகை. கொழுப்பு என்பது வங்கியில் போட்டு வைத்த வைப்புத்தொகை. நிறைய இருக்கும், ஆனால் அவசரத்துக்குக் கைக்கு வராது. கிளைக்கோஜன், அதாவது மாவுச்சத்திலிருந்து தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருப்பது, கைச்செலவுப் பணம். மொத்தமே அரை கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது தீர்ந்தபின் கால் இருக்கும், மனம் இருக்கும், மிதிக்கத்தான் முடியாது. தலை சுற்றி, எதற்கென்று தெரியாமல் எரிச்சல் வரும். இதைத் தவிர்க்க மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பழமும் ஒரு துண்டுக் கடலை மிட்டாயும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிற்று. வெளிநாட்டுப் பசைப் பொட்டலங்களை விலை கொடுத்து வாங்கிப் பார்த்த தோழி ஒருத்தி, இரண்டாவது பொட்டலத்திலேயே குமட்டுகிறது என்று விட்டுவிட்டாள். எனக்குப் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் ஒத்துக்கொள்கின்றன. புறப்படும் முன் நாலு இட்லி, சட்னியில் எண்ணெயும் காரமும் குறைத்து.

பசி எடுத்த பிறகு சாப்பிடலாம், தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசி ஒலிக்கும்படி வைத்து, ஒலித்தவுடன் இரண்டு மடக்குத் தண்ணீரும் ஒரு வாய் தின்பண்டமும் என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆறாமல் வழிந்துகொண்டே இருக்கும்; மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், உப்பில்லாத தண்ணீரை மிகுதியாகக் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும். பார்ப்பவர்கள் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். ஒரு புட்டியில் தண்ணீர், மற்றொன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று இரண்டாக வைத்துக்கொள்கிறேன். மருந்துக்கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் கரைக்கும் பொட்டலமா என்று உறையைப் பார்த்து வாங்க வேண்டும். பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் வரும் பல பானங்களில் இனிப்புதான் மிகுதி. இளநீர் நல்லதே, ஆனால் அதில் பொட்டாசியம் நிறைந்திருக்கும் அளவுக்குச் சோடியம் இல்லை. வழியோரக் கடையில் உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் நான் இளநீரைத் தாண்டி அங்கேதான் நிற்பேன்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வந்தவர்க்கெல்லாம் சோறு உண்டு. என் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் அந்த ஊர் சரியாகப் பசிக்கும் இடத்தில் வருகிறது. அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது மனத்துக்கு நிறைவுதான். ஆனால் சோறும் சாம்பாரும் வயிறு நிறைய உண்டபின் குறிஞ்சிப்பாடி வரை சைக்கிள் நகர மறுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செரிமானத்துக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் போதாது. மாமல்லபுரத்தில் தயிர்சாதம் ஒரு கிண்ணம், அதுவும் முக்கால் வயிற்றுக்கு என்று முடிவு செய்திருக்கிறேன்.

பஞ்சர் ஒட்டத் தெரியாமல் நெடும்பயணம் போகக் கூடாது. நம் பக்கத்தில் டயரைக் குத்துபவை இரண்டு. ஒன்று, உள்சாலைகளில் உதிர்ந்து கிடக்கும் வேலிகாத்தான் முள். மற்றொன்று நெடுஞ்சாலைக்கே உரியது. லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகளிலிருந்து வரும் மெல்லிய இரும்புக் கம்பி, தலைமுடியைவிடச் சற்றே தடித்து, அரை விரல்கடை நீளத்தில் சாலையோரம் முழுவதும் கிடக்கும். அது டயருக்குள் ஏறினால் வெளியே தெரியாது. ட்யூபை மாற்றிக் காற்றடித்துப் புறப்பட்டால், உள்ளே இருக்கும் அதே கம்பி புது ட்யூபையும் குத்தும். அதனால் ட்யூபைக் கழற்றியவுடன், வால்வு டயரின் எந்த இடத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ட்யூபுக்குக் காற்றடித்து ஓட்டை எங்கே என்று உதட்டருகே வைத்துப் பார்க்க வேண்டும். உதட்டுக்குத் தெரியும் காற்று கைக்குத் தெரியாது. பிறகு ட்யூபை டயரின் மேல் அதே நிலையில் வைத்தால் குற்றவாளி இருக்கும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். ஒரு பழைய பருத்தித் துணியை ஓட்டினால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் டயரை வெளிப்பக்கமாக மடித்து, புருவம் எடுக்கும் இடுக்கியால் பிடுங்கினால் வரும். பையில் ட்யூப் இரண்டு, டயர் நெம்பும் பிளாஸ்டிக் கரண்டி, கைப்பம்பு, பட்டி, சொலூஷன் ஆகியவற்றோடு அந்த இடுக்கியும் இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூபை மாற்றி மறுபடி மாட்ட இப்போது எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. கையில் கறை படுவதற்குத் தயங்காவிட்டால் யாராலும் முடியும். ட்யூபின் வால்வு எந்த வகை என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். மெலிந்து நீண்ட பிரெஸ்டா வால்வுக்குச் சாலையோரப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. அதற்கான பித்தளை மாற்றி ஒன்று சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

கடற்கரை ஊரில் செயின் துருப்பிடிப்பது தனிக் கதை. வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். வெளியே பளபளக்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

சாலையைப் பற்றி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அகலப்படுத்தும் வேலை நடப்பதால் ஒரு வாரம் இருந்த ஓரம் அடுத்த வாரம் இருப்பதில்லை. மணலும் ஜல்லியும் திடீரென்று வரும். சாலையின் விளிம்பை ஒட்டியே போனால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் மணலில் சறுக்குவதும் பேருந்து உரசிக்கொண்டு போவதும் அங்கேதான். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே நேர்கோட்டில் ஓட்டினால் பின்னால் வருபவர் நம்மை ஒரு வண்டியாக மதித்து விலகுகிறார். ஹேண்டில்பாரில் ஒரு சிறு கண்ணாடி மாட்டியிருக்கிறேன். நான் செலவு செய்தவற்றில் மிகக் குறைந்த விலைக்கு மிக அதிகப் பயன் தந்தது அதுதான்.

பெண்களுக்கு வேறொரு வரைபடமும் வேண்டும். ஆண் சைக்கிள்காரர்கள் எழுதும் குறிப்புகளில் கழிப்பறை என்ற சொல்லே வருவதில்லை. அவர்களுக்குச் சாலையோரப் புதர் போதும். கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பதுதான் நம்மில் பலர் செய்வது, பத்து மணி நேர வெயிலில் அது உடம்பைக் கெடுக்கும். புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு, மரக்காணம், கடப்பாக்கம், கல்பாக்கம் என்று பெட்ரோல் பங்க் இருக்கும் இடங்களையும், பெண்கள் நுழையத் தக்க உணவகங்களையும் பேருந்தில் ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சில பங்குகளில் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் சொல்லிக்கொள்ளும்படி சுத்தம். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்த நடத்துநர், பேருந்து நேரம் பற்றிப் புகார் எழுதுகிறேன் என்று நினைத்து இருமுறை விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்குக்கும் இடம் ஒதுக்க வேண்டும். காலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால் முடிவு இரவு 7.30. பிப்ரவரிக் கடைசியில் மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். எனவே கடைசி ஒரு மணி நேரம், காலும் கண்ணும் சோர்ந்திருக்கும் நேரத்தில், வார இறுதிக் கார்கள் சென்னையை நோக்கி எதிரே வந்துகொண்டிருக்கும் சாலையில், இருட்டில் ஓட்ட நேரும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை மூன்றும் இருட்டில் கட்டாயம். தலைக்கவசம் நாள் முழுவதும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணை மறைக்கும்போது சாலையின் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதை அரியாங்குப்பம் சாலையில் சில மாலைகள் பழகியிருக்கிறேன்.

“பஸ்ஸுல போனா ரெண்டு மணி நேரம். எதுக்குடி இந்தப் பாடு?” என்று அம்மா கேட்டார். தந்தை நெல்லிக்குப்பத்துக்குப் போனது பிழைப்புக்கு, நான் போவது எதற்கு என்ற கேள்வி அதற்குள் இருந்தது. அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொப்பி வாங்கித் தருமாறு கேட்டேன், வாங்கித் தந்தார்.

இப்போது அந்தப் பதின்மூன்றரை மணியை ஒரு சிறு தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறேன். 6 மணிக்குப் புறப்பாடு. போகும் 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேர ஓட்டம், இடையில் மொத்தம் அரை மணி நேர நிறுத்தம். 11.30க்கு மாமல்லபுரம். 100ஆவது கிலோமீட்டரில் முத்திரை போடுமிடம் 12.40க்குத்தான் மூடப்படும் என்பதால் அங்கே அவசரம் இல்லை; நாற்பது நிமிடத்தில் சாப்பாடு, கழிப்பறை, தண்ணீர் நிரப்புவது, பிறகு 12.10க்குப் புறப்பாடு. வெயில் தாழட்டும் என்று இரண்டு மணி வரை மரத்தடியில் இருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அந்த நேரத்தைப் பின்னால் கடற்காற்றிடமிருந்து மீட்க முடியாது என்பதால் மெதுவாகவாவது நகர்ந்துகொண்டிருப்பதே என் விருப்பம். முக்கால் மணிக்கு ஒருமுறை நிழலில் நின்று தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மொத்தம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். 17 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் ஓட்டத்துக்கு ஆறு மணிக்குச் சற்றுக் குறைவு. இரவு 7.03க்குப் புதுச்சேரி. கையிருப்பு 27 நிமிடம்: ஒரு பஞ்சரைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. இரண்டாவது பஞ்சர் வந்தால் மரக்காணத்து மோர்க் கடையை விட்டுவிட வேண்டும்.

மீதமிருக்கும் வேலைகள் சில. பின்பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது; அதை இந்த வாரமே மாற்றி, புதுக்கட்டை ரிம்மில் பழகும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுச் சட்டை, புதுச் செருப்பு, புதுத் தின்பண்டம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். கடலூரிலிருந்து விடியற்காலையில் 22 கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் புறப்பாட்டில் நிற்பது வீண் அலைச்சல் என்பதால், முந்தைய நாள் மாலையே முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். சைக்கிளை வீட்டுக்குள்தான் வைப்பேன் என்றதற்கு, டயரைக் கழுவிவிட்டு உள்ளே கொண்டுவா என்று சித்தி சொல்லியிருக்கிறார்.